ஒரு கரண்டி மாயம்: 'மாயா பஜார்' ஏன் இன்னும் சிரிக்க வைக்கிறது?

போன தீபாவளிக்கு மறுநாள் இரவு, எங்கள் தோட்டத்துக் கோயில் முற்றத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை இழுத்துக் கட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டரில் 'மாயா பஜார்' போட்டோம். இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துக் குளிர் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஐப்பசி இரவில் மூன்று மணி நேரம் வெளியே உட்காருவது லேசான காரியமில்லை. ஆனாலும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, தேத்தண்ணிக் கேத்தலை நடுவில் வைத்துக்கொண்டு, கடைசி வரை யாரும் எழுந்து போகவில்லை. 1957-இல் வந்த கறுப்பு வெள்ளைப் படம். பார்த்தவர்களில் பாதிப் பேரின் அப்பாவோ அம்மாவோ அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

படம் முடிந்து பாயைச் சுருட்டும்போது, கெம்பஸ் லீவில் வந்திருந்த தம்பி ஒருவன் சொன்னான்: "நல்லாத்தான் இருந்திச்சுக்கா. ஆனா லாஜிக்கே இல்லையே."

இந்தப் பேச்சை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். மாயம் வருகிற படம் என்றால் எதுவும் நடக்கலாம், கணக்கு வழக்கு கிடையாது, மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும் என்று. அதோடு காதலும் சிரிப்பும் சேர்ந்துவிட்டால் 'சும்மா பொழுதுபோக்கு' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். உண்மை நேர் எதிரானது. அன்றிரவு அந்தத் தம்பி விழுந்து விழுந்து சிரித்த ஒவ்வோர் இடத்திலும் லாஜிக் இருந்தது. அது இல்லாவிட்டால் அவன் சிரித்திருக்கவே முடியாது. அதைத்தான் இங்கே மெதுவாக விளக்கப் பார்க்கிறேன்.

கரிக்கோட்டு வீடு

லயத்து இஸ்தோப்பில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளின் முன் திண்ணையில், பிள்ளைகள் சோறாக்கி விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். அடுப்புக்கரியால் தரையில் ஒரு கோடு, அதுதான் வீடு. கோட்டில் ஓர் இடைவெளி, அதுதான் வாசல். சிரட்டையில் மண் இருந்தால் சோறு. கிள்ளிப் போட்ட கொழுந்து கீரை. மண்ணைச் சோறென்று அந்தப் பிள்ளைகள் நம்புகிறார்களா? இல்லை. ஒரு பிள்ளையும் அதை விழுங்காது. வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் 'ம்ம்' என்று சொல்லிவிட்டுக் கீழே போட்டுவிடும்.

ஆனால் பக்கத்துக் காம்பராப் பையன் வாசலை விட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டி நேரே உள்ளே வந்தால் என்ன கூச்சல் கிளம்பும்! "டேய், செவத்துக்குள்ளால வர்றான் பாரு!" அவன் வெளியே போய், வாசல் வழியாக வந்தால்தான் ஆட்டம் மறுபடி தொடங்கும்.

மண் சோறாகலாம், அதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் சுவர் என்று சொன்ன பிறகு அது சுவர்தான். மாயக் கதை முழுவதும் இந்த இரண்டு வரியில் அடங்கிவிடும். நம் உலகத்தில் நடக்க முடியாத ஒன்றை நடப்பதாக வைத்துக்கொண்டு, அதன்மேல் கட்டும் கதைக்கு 'மிகைப்புனைவு' என்று பெயர். அது உடைப்பது இயற்கையின் விதியை. தானே போட்ட விதியை உடைத்தால் நாம் எழுந்து போய்விடுவோம்.

பார்க்கிறவர்கள் பக்கமும் ஒரு வேலை இருக்கிறது. 'இது பொய்' என்று மனசின் ஒரு மூலை சொல்லிக்கொண்டே இருக்கும். அதைக் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்கச் சொல்கிறோம். இதைப் பற்றி 1817-இல் ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜ் எழுதினார். நாமாக விரும்பி நம் ஐயத்தைத் தள்ளி வைப்பது என்பது அவர் கருத்து. 'ஐயத்தைத் தள்ளிவைத்தல்' என்றே நாமும் சொல்லலாம். இதில் 'விரும்பி' என்பதுதான் முக்கியம். நம்மை யாரும் ஏமாற்றவில்லை, ஆட்டத்தில் சேரச் சம்மதிக்கிறோம். அந்தச் சம்மதத்துக்குப் பதிலாகக் கேட்பது ஒன்றுதான்: கோட்டை அழிக்காதே.

சரி, இதுவரை வந்தது இவ்வளவுதான். மாயக் கதை ஒரு பொய்யை நம்மிடம் கடனாகக் கேட்கிறது. நாம் கொடுக்கிறோம். அதற்குப் பிறகு அது ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும்.

ரதியின் கண்ணுக்கு மட்டும்

மலையகத்து ஆட்களுக்கு இது புதுப் பாடமில்லை. மாசி மாதத்து அமாவாசை கழிந்து, கம்பம் ஊன்றி, தப்புச் சத்தத்தோடு காமன் கூத்துத் தொடங்கும் ஊர் நம்முடையது. ரதி–மன்மதன் கல்யாணம், சிவனின் தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுவது, மலர் அம்பு, நெற்றிக்கண், பௌர்ணமி இரவின் தகனம் என்று எல்லாமே காதலும் மாயமும் கலந்த கதை. ரதியாக வேடம் கட்டியிருப்பவர் காலையில் நம்மோடு மலைக்கு வேலைக்கு வந்த ஆண்பிள்ளைதான் என்பது அத்தனை பேருக்கும் தெரியும். ஆனாலும் மன்மதன் எரிந்த பிறகு ரதி புலம்பும்போது அழாத கண் குறைவு.

அந்தக் கதையின் முடிவை நினைத்துப் பாருங்கள். ரதியின் புலம்பலுக்கு இரங்கிய சிவன் மன்மதனைத் திருப்பித் தருகிறார். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இனி அவன் ரதியின் கண்ணுக்கு மட்டும்தான் தெரிவான், மற்ற யாருக்கும் உருவமில்லை. எரிந்தவனைப் பழையபடியே உயிர்ப்பித்திருந்தால் கதை அங்கே சப்பென்று முடிந்திருக்கும். 'உனக்கு மட்டும்' என்ற அந்த ஒரு விதிதான் கதையைக் கூத்து முடிந்த பிறகும் மனசில் வைத்திருக்கிறது. காதலில் இருக்கிறவர்கள் எல்லாருமே கொஞ்சம் அப்படித்தானே, ஊர் காணாத ஒன்றை ஒருவரில் ஒருவர் காண்கிறார்கள். விதி கடுமையாக இருப்பதால்தான் அது காதலைப் பற்றிய பேச்சாக மாறுகிறது.

கதையின் அடியில் ஒரு சம்பந்தத் தகராறு

இப்போது 'மாயா பஜார்'. கே. வி. ரெட்டி இயக்கி, நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தயாரித்து, 1957-இல் தெலுங்கிலும் தமிழிலும் வந்த படம். அபிமன்யுவாகத் தெலுங்கில் நாகேஸ்வர ராவும் தமிழில் ஜெமினி கணேசனும் நடித்தார்கள். கிருஷ்ணராக என். டி. ராமராவ், கடோத்கஜனாக எஸ். வி. ரங்கா ராவ், கதாநாயகியாக சாவித்திரி ஆகியோர் இரண்டு மொழியிலும் உண்டு. தெலுங்கில் சசிரேகா என்ற பெண் தமிழில் வத்சலா.

மாயத்தை எல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கதையைச் சொல்லிப் பார்ப்போம். பலராமரின் மகள் வத்சலா. அவருடைய தங்கை சுபத்திரையின் மகன் அபிமன்யு. அதாவது மாமன் மகளும் அத்தை மகனும். சின்ன வயதிலேயே 'இவளுக்கு இவன்' என்று பேசி வைத்துவிட்டார்கள். பிறகு பாண்டவர்கள் சூதாட்டத்தில் நாட்டையும் செல்வத்தையும் இழந்து காட்டுக்குப் போகிறார்கள். சொத்துப் போனதும் பேச்சும் போகிறது. பெண்ணின் தாய் ரேவதிக்கு அந்த ஏழை வீட்டுச் சம்பந்தம் இப்போது பிடிக்கவில்லை. அந்த நேரம் பார்த்துத் துரியோதனன் தரப்பு தன் மகன் லட்சுமண குமாரனுக்குப் பெண் கேட்டு வருகிறது. அவர்களுக்கு வேண்டியது பலராமரின் துணை. பெண் அதற்கொரு வழி.

இதில் விளக்க வேண்டியது ஏதாவது இருக்கிறதா? நம் லயத்தில் எத்தனை வீட்டில் நடந்த கதை இது! அத்தை மகனுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் அத்தை வீட்டில் வேலையில்லை, கடன் இருக்கிறது, இடையில் டவுனில் கடை வைத்திருப்பவர் பெண் கேட்டு வருகிறார். பெண்ணும் பையனும் ஒன்றும் பேச முடியாது. பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள்.

'காதல் நகைச்சுவை' என்பதன் எலும்புக்கூடு இதுதான். சேர விரும்பும் இருவர், நடுவில் ஒரு தடை, தடையைத் தாண்டும் முயற்சியில் பிறக்கும் சிரிப்பு, கடைசியில் கல்யாணம். நம் படங்களில் கதை ஒரு பக்கமும் நகைச்சுவை இன்னொரு பக்கமுமாகத் தனித்தனி வண்டியாக ஓடும் வழக்கம் நெடுநாள் இருந்தது. கதாநாயகன் அழுதுகொண்டிருப்பார், காட்சி மாறினால் வேறு இருவர் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போவார்கள். அதை எடுத்துவிட்டாலும் கதை நிற்கும். காதல் நகைச்சுவையில் அப்படி எடுக்க முடியாது. எந்தத் தடை அழ வைக்கிறதோ அதே தடைதான் சிரிக்கவும் வைக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். வியாசரின் பாரதத்தில் வத்சலா என்ற பெண்ணே கிடையாது. அங்கே அபிமன்யு மணப்பது விராட மன்னன் மகள் உத்தரையை. வத்சலா வந்தது மக்கள் வாய்க்கதை வழியாக. பெரிய போர்க்கதையின் ஓரத்தில், முறைப்பெண் கல்யாணம் ஒன்றை நம் ஆட்கள் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். பாண்டவர் வீட்டுச் சம்பந்தத்தைப் பற்றிய இந்தப் படத்தில் பாண்டவர்கள் ஐவரும் திரையில் வருவதேயில்லை. எனக்கு அது மிகவும் பிடிக்கும். நொடிந்துபோன வீட்டார் பந்தியிலும் இருக்கமாட்டார்கள், பேச்சிலும் இருக்கமாட்டார்கள். அவர்கள் பிள்ளை மட்டும் தனியாக நிற்பான்.

உறைமோர்க் கணக்கு

இந்தக் குடும்பத் தகராறுக்குள்தான் மாயம் வருகிறது. எவ்வளவு வருகிறது என்பதுதான் கைப்பக்குவம்.

மாடு வளர்க்கிற வீட்டில் தயிர் போடுவது எப்படி? ஒரு சட்டிப் பாலைக் காய்ச்சி, சூடு ஆறவைத்து, ஒரு கரண்டி உறைமோர் விட்டு மூடி வைப்பார்கள். விடிந்தால் சட்டி முழுதும் தயிர். இன்னும் நன்றாக உறையட்டும் என்று அரைச் சட்டி மோரை ஊற்றினால் தயிராகாது, புளித்த தண்ணீர்தான் மிஞ்சும். மாயமும் அப்படி. ஒரு கரண்டி போதும். சட்டி நிறைய இருக்க வேண்டியது மனிதர்கள்.

'மாயா பஜா'ரின் உறைமோர் கடோத்கஜன். பீமனுக்கும் இடும்பிக்கும் பிறந்தவன், காட்டில் வாழ்பவன், அபிமன்யுவுக்கு அண்ணன் முறை. துவாரகையில் அவமானப்பட்ட சுபத்திரையும் அபிமன்யுவும் காட்டுக்கு வருகிறார்கள். யாரோ அந்நியர் என்று முதலில் சண்டைக்கு நின்ற கடோத்கஜன், உறவு தெரிந்ததும் உருகிப்போகிறான். வசதியான மாமன் கைவிட்ட இடத்தில், காட்டு அண்ணன் கைகொடுக்கிறான். தூங்கிக்கொண்டிருக்கும் வத்சலாவைக் கட்டிலோடு தூக்கிக் காட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, தானே வத்சலாவாக உருமாறித் துவாரகைக்குப் போகிறான். கௌரவர் கூட்டம் வந்து தங்குவதற்காக ஒரு மாய ஊரே எழும்புகிறது. படத்தின் பெயர் அதிலிருந்துதான்.

அந்தத் தம்பி அன்றைக்கு இன்னொன்றும் கேட்டான்: "இவ்வளவு சக்தி உள்ளவன் எல்லாரையும் அடிச்சுப் போட்டுட்டுத் தாலியக் கட்ட வைக்கலாமே?" நல்ல கேள்வி. அடிக்கலாம். ஆனால் எதிரே நிற்பவர் பெண்ணின் தகப்பன். அடித்துச் சேர்த்த சம்பந்தம் நாளைக்கு உறவாக நிற்குமா? பெரியவர்கள் வாயாலேயே 'சரி' வர வேண்டும். ஆகவே அரக்கனின் பலம் இங்கே உதவாது. இதுதான் கதை தனக்குத்தானே கிழித்துக்கொண்ட கரிக்கோடு.

இன்னொரு கோடும் உண்டு, அதுதான் படத்தின் உயிர். உடம்பு மாறும், ஆள் மாறமாட்டான்.

நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் அத்தனை பேருக்கும் தெரியும், மேல் லயத்துப் பையனுக்கும் கீழ் லயத்துப் பெண்ணுக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறதென்று. பெண்ணின் அப்பாவுக்கு மட்டும் தெரியாது. அவர் அந்தப் பையனையே கூப்பிட்டு, "தம்பி, நம்ம புள்ளைய யாரோ ஒருத்தன் சுத்துறானாம், கொஞ்சம் பாத்துக்கோப்பா" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அவர் சொன்னதில் ஒரு நகைச்சுவையும் இல்லை. அந்தப் பையனின் முகமும் நமக்குத் தெரிந்த ரகசியமும் சேர்ந்து சிரிப்பாகின்றன.

பார்ப்பவருக்குத் தெரிந்த ஒன்று பாத்திரத்துக்குத் தெரியாமலிருப்பதை 'நாடக முரண்' என்பார்கள். உலகத்துக் காதல் நகைச்சுவைகள் பெரும்பாலும் ஓடுவது இந்த எண்ணெயில்தான். மாயம் செய்யும் பெரிய உதவியும் இதுதான், சாதாரணக் கதையில் கிடைக்காத அளவு பெரிய ரகசியத்தை நம் கையில் கொடுத்துவிடுகிறது. இங்கே அந்த ரகசியம், மணவறையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பது பெண்ணே இல்லை, ஒரு அரக்கன்.

இந்த இடத்தில் சாவித்திரியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் நடித்தது இரட்டை வேடம் என்று சிலர் சொல்வார்கள். அதைவிடக் கஷ்டமான வேலை அது. வத்சலாவாக நடிக்க வேண்டும். வத்சலாவின் உருவத்தில் இருக்கும் கடோத்கஜனாகவும் நடிக்க வேண்டும். அந்தக் கடோத்கஜனோ சும்மா ஓர் ஆண் அல்ல, ரங்கா ராவ் என்ற மலைபோன்ற நடிகர் ஏற்கெனவே நடந்து, சிரித்து, தோளை விரித்துக் காட்டிவிட்ட ஆள். மெல்லிய ஒரு பெண்ணின் உடம்பில் அந்த நடையை, அந்தத் தோளை, அந்தப் பார்வையை அவர் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்த மறு விநாடி, 'ஐயோ, நான் இப்போது பெண்ணல்லவா' என்று நினைவு வந்து நாணிக் கோணவும் வேண்டும். மூன்றடுக்கு நடிப்பு. ஒப்பனையோ தந்திரக் காட்சியோ துணைக்கு வராத இடங்களில், ஒரு பெண் நிற்பதையும் திரும்புவதையும் மட்டும் வைத்து, உள்ளே இருப்பவன் யாரென்று நாம் தெரிந்துகொள்கிறோம். தமிழ்ப் படங்களில் நான் பார்த்த மாயங்களில் இதைவிடப் பெரியது இல்லை.

மாப்பிள்ளை லட்சுமண குமாரனாகத் தமிழில் தங்கவேலு. மணமேடையில் அவர் கண்ணுக்கு மட்டும் பெண் பயங்கரமான உருவங்களாக மாறி மாறித் தெரிகிறாள். அவர் அலறுகிறார். சுற்றி நிற்பவர்களுக்கு அடக்கமான மணப்பெண்தான் தெரிகிறாள். ரதிக்கு மட்டும் தெரிந்த மன்மதனின் விதியேதான் இது, தலைகீழாகத் திருப்பியிருக்கிறார்கள். அங்கே ஒருத்தி கண்ணுக்கு மட்டும் தெரிந்தது காதல். இங்கே ஒருவன் கண்ணுக்கு மட்டும் தெரிவது பயம். அங்கே ஊர் அழுகிறது, இங்கே ஊர் சிரிக்கிறது.

'உடம்பு மாறும், ஆள் மாறமாட்டான்' என்ற கோட்டை மறுபடி பாருங்கள். கடோத்கஜன் மனசளவிலும் வத்சலாவாகவே மாறிவிட்டிருந்தால் இந்தச் சிரிப்பில் ஒன்றுகூட வந்திருக்காது. லாஜிக் அங்கேதான் இருக்கிறது.

சுருக்கிச் சொன்னால், அடியில் எல்லா வீட்டுக்கும் பொதுவான ஒரு தகராறு, அதில் விதியோடு கூடிய ஒரு கரண்டி மாயம், அந்த மாயத்தால் நமக்கு மட்டும் கிடைத்த ஒரு ரகசியம். சிரிப்பு இந்த மூன்றும் சேருமிடத்தில் வருகிறது.

மாயம் காதலை உண்டாக்குவதில்லை

இந்த வகைப் படங்களைப் பற்றி இன்னொரு தப்பான எண்ணமும் பரவலாக உண்டு. கஷ்டமான முடிச்சை மந்திரம் போட்டு அவிழ்த்துவிடுகிறார்கள், அது சோம்பேறித்தனம் என்று. மோசமான படங்களில் அப்படித்தான் நடக்கிறது, மறுக்கவில்லை. நல்ல படங்களில் மாயத்துக்கு வேறு வேலை. மனசில் மறைந்திருப்பதை வெளியே கொண்டுவந்து காட்டுவதோடு அது நின்றுகொள்ளும்.

'மாயா பஜா'ரில் பிரியதர்சினி என்று ஒரு பெட்டி வருகிறது. திறந்து பார்ப்பவருக்கு, அவர் மனசுக்கு மிகப் பிரியமானது அதில் தெரியும். வத்சலா பார்த்தால் அபிமன்யு. தாய் ரேவதி பார்த்தால் பொன்னும் மணியும். அந்தப் பெட்டி யாரையும் மாற்றவில்லை, யாருக்கும் காதலை ஊட்டவில்லை. இருந்ததைக் காட்டியது, அவ்வளவுதான். பிறகு வரப்போகிற தகராறு முழுவதையும் நாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே பார்த்துவிடுகிறோம். கடைசியிலும் இதே முறைதான். ஏறி நிற்பவரை உண்மை பேச வைக்கும் ஒரு பொருளின்மேல் சகுனி ஏறுகிறான். இந்தச் சம்பந்தத்தை அவர்கள் ஏன் தேடி வந்தார்கள் என்ற உள்நோக்கம் அவன் வாயாலேயே கொட்டிவிடுகிறது. பெரியவர்களின் மனசு மாறுவது அந்த உண்மையைக் கேட்டதால். மாயம் கதவைத் திறந்தது, உள்ளே நடந்து போனது மனிதர்கள்.

வேறு நாட்டில், வேறு காலத்தில் எடுத்த படத்திலும் இதே அமைப்பைக் காணலாம். 1993-இல் அமெரிக்காவில் வந்த 'கிரவுண்ட்ஹாக் டே' படத்தில், எரிச்சல் பிடித்த ஒரு டிவிக்காரர் ஒரே நாளில் மாட்டிக்கொள்கிறார். எத்தனை முறை விடிந்தாலும் அதே பெப்ரவரி 2. ஏன் அப்படி என்று படம் கடைசி வரை சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. கரிக்கோடு சரியாக இருப்பதால் கேட்கத் தோன்றுவதில்லை. தன்னோடு வேலை செய்யும் பெண்ணுக்கு எது பிடிக்கும் என்பதை அவர் நாள் நாளாக மனப்பாடம் செய்து, அதை வைத்து அவளை மயக்கப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் கன்னத்தில் அறைதான் கிடைக்கிறது. அவர் நிஜமாகவே வேறு ஆளாக மாறின பிறகுதான் அடுத்த நாள் விடிகிறது. அத்தனை பெரிய மாயம் கையிலிருந்தும் காதலை அதனால் வாங்க முடியவில்லை.

காமிராவின் கண்கட்டு

தந்திரக் காட்சிகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அன்றிரவு சின்னப் பிள்ளைகள் கேட்டது அதைத்தான். சினிமா அசையும் படமல்ல. வினாடிக்கு 24 அசையாத படங்களை ஓட்டுகிறார்கள், நம் கண் அதை அசைவாக எடுத்துக்கொள்கிறது. காமிராவை நிறுத்தி, ஆளை நகர்த்திவிட்டு, மறுபடி ஓட்டினால் திரையில் ஆள் மறைந்துபோவார். பிரான்சின் மேடை மந்திரவாதி ஜார்ஜ் மெலியே 1896-லேயே இதைச் செய்தார். ஒவ்வொரு படமாக எடுத்து, இடையில் பொருளை இம்மி இம்மியாக நகர்த்தினால் பொருள் தானே நடக்கும். எடுத்ததைக் கடைசியிலிருந்து பின்னோக்கி ஓட்டினால் கீழே விழுந்தது மேலே எழும்பும். கணினி இல்லாத காலத்து மாயங்களுக்கு அடிப்படை இப்படிப்பட்ட சில கைவேலைகள்தான்.

'மாயா பஜா'ரின் ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி. படகுப் பாட்டில் அவர் கொண்டுவந்த நிலா வெளிச்சத்தை இன்றும் பேசுகிறார்கள். அந்தக் காலத்துப் பிலிமுக்கு நிஜ நிலா வெளிச்சம் போதவே போதாது. ஆகவே அந்த இரவு முழுவதும் விளக்கும் காமிராவும் கூடிச் செய்தது. ஆனால் தந்திரக் காட்சியிலும் மனிதர்தான் முன்னே நிற்கிறார் என்பதைக் கவனியுங்கள். 'கல்யாண சமையல் சாதம்' பாட்டில் கல்யாணப் பந்தி முழுவதையும் கடோத்கஜன் ஒருவனே தீர்க்கிறான், லட்டுகள் பறந்து வாய்க்குள் போகின்றன. லட்டு பறந்ததற்காக மட்டும் நாம் சிரிப்பதில்லை. ரங்கா ராவின் முகத்தில் தெரிகிற அந்தப் பசியும் ஆனந்தமும் இல்லாவிட்டால் அது வெறும் பறக்கும் லட்டு.

இத்தனை வருஷம் ஏன்?

தெலுங்குப் பதிப்பு 2010-இல் வண்ணமாக்கப்பட்டு மறுபடி தியேட்டருக்கு வந்தது. நம் வீடுகளில் டெக் வாடகைக்கு எடுத்துச் சடங்குக்கும் கல்யாணத்துக்கும் விடிய விடியப் படம் பார்த்த காலத்திலும் இது சுற்றியது. ஏன் இது பழசாகவில்லை என்பதற்கு என் பதில் நாடக முரணில் இருக்கிறது. திடீர்த் திருப்பத்தை நம்பிய படம் முதல் தடவையோடு செலவாகிவிடும். ரகசியத்தை முதலிலேயே நம் கையில் கொடுத்துவிட்ட படத்துக்கு அப்படி இல்லை. பார்க்கப் பார்க்க நமக்குத் தெரிந்தது கூடுகிறது, தெரிந்தது கூடக் கூடச் சிரிப்பும் கூடுகிறது. காமன் கூத்தை வருஷா வருஷம் பார்ப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு காரணத்தை நான் என் அம்மாயியிடமிருந்துதான் கற்றேன். 1964-இல் இலங்கையும் இந்தியாவும் செய்த ஒப்பந்தத்தில் நம் தோட்டத்து ஆட்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே என்று பிரித்து எழுதினார்கள். அம்மாயியின் தங்கைக்குப் பேசி வைத்திருந்தது சொந்த அத்தை மகனை. அந்த வீட்டுக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது, இந்த வீட்டுக்கு வரவில்லை. ஒரு நாள் காலையில் கோச்சி ஏறி, இந்தியாவுக்குக் கப்பல் பிடிக்கத் தலைமன்னார் போய்விட்டார்கள். மாமன் மகள் அத்தை மகனோடு சேருகிற கதையை அதற்குப் பிறகும் அம்மாயி அலுக்காமல் பார்த்தார். பார்த்துச் சிரித்தார். கவலையை மறக்க என்று இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நடந்திருக்க வேண்டியது எது என்று அவருக்குத் தெரியும், அதை யாரோ ஒருவர் திரையிலாவது ஒழுங்காக நடத்திக் காட்டினார்கள்.

அந்தப் படத்துக்குள்ளும் ஒரு நிழல் இருக்கிறது. பாரதக் கதை தெரிந்த எல்லாருக்கும் அது தெரியும். பதின்மூன்றாம் நாள் போரில் சக்கரவியூகத்துக்குள் போய் அபிமன்யு திரும்பமாட்டான். அடுத்த நாள் இரவு கர்ணனின் வேலுக்குக் கடோத்கஜனும் விழுவான். தம்பியும் அண்ணனும் இருவருமே இல்லாமல் போகப்போகிறார்கள். படம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், கல்யாணத்தோடு நின்றுகொள்கிறது. பாத்திரங்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்ற அதே முரண்தான், சிரிக்க வைத்ததும் அதுதான்.

கோயில் முற்றத்தில் அன்றிரவு அம்மாயி முன் வரிசையில், கம்பளிக்குள் சுருண்டு உட்கார்ந்திருந்தார். நிலாவில் படகு மிதந்து, அபிமன்யுவும் வத்சலாவும் பாடிக்கொண்டு போகும் இடத்தில், தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு முகத்தைக் கொஞ்ச நேரம் வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். லட்டு பறக்கும் பாட்டு தொடங்கியதும் திரைப் பக்கம் திரும்பி, பேரப்பிள்ளையின் தோளைத் தட்டி, "பாரு பாரு, இப்ப வருது" என்றார்.